பாஷாணத்தைப் பிடித்த மார்ஷ்

காப்பியில் கலந்தால் நிறம் மாறாது. வாடை வராது. ஆனால் ஆளைக் கொன்றுவிடும்! எலியைக் கொல்ல அந்நாளில் கடைகளில் விற்ற வெள்ளைப் பாஷாணம் அப்படிப்பட்டது. அதைக் கையும் களவுமாகப் பிடிக்க வழி கண்டவர் ஜேம்ஸ் மார்ஷ்.

1794-ல் பிறந்த மார்ஷ், இங்கிலாந்தில் உல்விச் ஆயுதசாலையில் ரசாயன நிபுணராக இருந்தார். 1830-களின் தொடக்கத்தில், போடில் என்ற முதியவர் காப்பி குடித்து மாண்டார். பேரன் கைதானான். காப்பியை மார்ஷ் சோதித்தார். பாஷாணத்தைக் காட்டும் மஞ்சள் வண்டல் படிந்தது. வழக்கு நாளுக்குள் அது கெட்டுவிட்டது. ஜூரிகள் நம்பவில்லை. விடுதலையான பேரன், பின்னர் தானே கொன்றதாக ஒப்புக்கொண்டான்!

மார்ஷ் சோர்ந்துவிடவில்லை. 1836-ல் புது முறையை வெளியிட்டார். சந்தேகத்துக்குரிய உணவுடன் துத்தநாகமும் அமிலமும் சேர்த்தால் வாயு கிளம்பும். அதைக் கொளுத்தி, சுடரில் குளிர்ந்த பீங்கானைப் பிடித்தால், பாஷாணம் கரிய கண்ணாடிபோல் படியும். ஜூரிகள் கண்ணாலேயே பார்க்கலாம்!

1846-ல் மார்ஷ் காலமானார். 1849-ல் சென்னையிலும் விஷம் கண்டறியும் அரசு ஆய்வுக்கூடம் ஏற்பட்டது.

இன்று பூச்சிமருந்துகள் எத்தனையோ. கருவிகளும் புதியவை. ஆயினும் தாம்பரத்தில் ஒரு வீட்டுச் சோற்றில் விஷம் என்று சந்தேகம் எழுந்தால், குற்றவாளி தப்பாமலும் நிரபராதி சிக்காமலும் காப்பது மார்ஷ் காட்டிய அதே வழிதான்: ஊர்ப்பேச்சு போதாது, சோதனைச் சான்று வேண்டும்.