லாஸ் காஸாஸ் பாதிரியார்

சாம்ராஜ்யங்கள் வாளின் பலத்தால் மட்டும் நிலைத்ததில்லை. வாளைப் பிடித்தவனுடைய மனச்சாட்சியை அமைதிப்படுத்த ஒரு தத்துவமும் வேண்டும். அதை எழுதிக் கொடுக்கப் பண்டிதர்களும் வேண்டும். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயின் தேசத்தார் அமெரிக்காவைக் கைப்பற்றிய காலத்தில், கிறிஸ்தவ வேதசாஸ்திரத்தின் பெயரால் இப்பணியைச் செய்தவர்கள் பலர். அதே வேதசாஸ்திரத்தைக் கொண்டு அந்தச் சாம்ராஜ்யத்தின் அஸ்திவாரத்தையே அசைக்க முயன்றவர்கள் சிலர். அச்சிலருள் முதன்மையானவர் பார்த்தொலோமே தெ லாஸ் காஸாஸ் என்பவர். அரசியலில் மதத்துக்கு இடமுண்டா என்று விவாதிப்போர் யாவரும் இவருடைய சரித்திரத்தை அறிந்திருத்தல் அவசியமென்று நாம் கருதுகிறோம்.

லாஸ் காஸாஸ் 1484-ல் ஸெவில் நகரில் ஒரு வியாபாரியின் குமாரராகப் பிறந்தார். 1502-ல் ஹிஸ்பானியோலாத் தீவுக்குக் கப்பலேறினார். பொருள் தேடிச் சென்ற மற்றவர்களுக்கும் அவருக்கும் அப்போது பேதம் எதுவுமில்லை. பின்னர் குருப்பட்டம் பெற்றும், சுதேசிகளை வேலை வாங்குவதை அவர் விட்டுவிடவில்லை. அக்காலத்தில் அங்கே என்கோமியெந்தா என்றோர் ஏற்பாடு இருந்தது. இத்தனை சுதேசிகள் என்று கணக்கிட்டு, அரசாங்கம் அவர்களை ஒரு குடியேற்றக்காரனிடம் ஒப்புவிக்கும். அவர்களைக் காத்து, கிறிஸ்து மதத்தைப் போதிப்பது அவன் கடமை. அவனுக்கு உழைப்பது அவர்கள் கடமை. ஏட்டில் இது தர்மமாகத் தோன்றிற்று. நடைமுறையில், தங்கச் சுரங்கங்களில் ஜனங்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தனர். போதனையோ பெயரளவில் நின்றது.

1511-ம் வருஷம் டிஸம்பர் மாதம் ஸாந்தோ தொமிங்கோ நகரத்துக் கோவிலில், மோந்தெஸினோஸ் என்னும் டொமினிக் சபைத் துறவி பிரசங்கம் செய்தார். எந்த உரிமையால் இம்மக்களை அடிமைகளாக நடத்துகிறீர்கள் என்று அவர் சபையோரை நேருக்கு நேர் வினவினார். அதிகாரிகளும் செல்வர்களும் வெகுண்டு, சொன்னதை வாபஸ் வாங்கும்படி மடத்தை நெருக்கினர். அடுத்த ஞாயிறன்று அவர் அதே விஷயத்தை முன்னிலும் உறுதியாக எடுத்துரைத்தார். லாஸ் காஸாஸ் உடனே மனம் மாறிவிடவில்லை. சுதேசிகளை வைத்திருக்கும் காரணத்தால் ஒரு துறவி அவருக்குப் பாவ மன்னிப்பு அளிக்க மறுத்தபோதும் அவர் மாறவில்லை. கியூபாவைப் பிடிக்கச் சென்ற படையுடன் குருவாகச் சென்று, அங்கு நடந்த படுகொலைகளைக் கண்ணாரக் கண்டார். அதன் பின்னும் தமக்கு அளிக்கப்பட்ட நிலத்தையும் ஆட்களையும் ஏற்றுக்கொண்டார்.

1514-ல் பெந்தெகொஸ்தே திருநாளுக்குப் பிரசங்கம் தயாரிக்கையில், சீராக் ஆகமத்தின் ஒரு பகுதி அவர் கண்ணில் பட்டது. ஏழையிடமிருந்து பறித்த பொருளைக் கொண்டு செலுத்தும் காணிக்கை கடவுளுக்கு உகந்ததன்று என்பதே அதன் கருத்து. அவர் பலநாள் யோசித்தார். பிறகு தம்மிடமிருந்த சுதேசிகளைத் துறந்துவிட்டு, அந்த ஏற்பாடே பாவமென்று கோவிலில் பகிரங்கமாக அறிவித்தார். தாம் அனுபவிக்கும் லாபத்தை விட்ட பிறகே பிறருக்குப் போதித்தார் என்பதை நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

அவர் எதிர்த்தது சில கொடியவர்களின் நடத்தையை மட்டுமன்று. 1493-ல் போப்பாண்டவர் ஆறாம் அலெக்ஸாண்டர் புதிதாய்க் கண்ட நாடுகளை ஸ்பெயின் அரசர்களுக்கு அளித்திருந்தார். அதை ஆதாரமாகக் கொண்டு 1513-ல் ரெக்கெரிமியெந்தோ என்னும் பத்திரம் தயாராயிற்று. போப்பாண்டவருக்குக் கடவுள் அதிகாரம் அளித்தார், அவர் இந்நாட்டை எங்கள் அரசருக்கு அளித்தார், பணியாவிடில் போரும் அடிமைத்தனமும் வரும், பழி உங்களுடையதே என்பது அதன் சாரம். தாக்குதலுக்கு முன் இதை ஸ்பானிய பாஷையில் படித்துவிட வேண்டும். கேட்போருக்கு அந்தப் பாஷை தெரியாது. ஜனங்கள் ஓடிவிட்ட வெறும் கிராமங்களிலும் இது படிக்கப்பட்டதுண்டு! வேதசாஸ்திரம் அதிகாரத்தின் குமாஸ்தாவாகிவிட்டால் அதன் கதி இதுதான்.

லாஸ் காஸாஸ் 1515-ல் ஸ்பெயின் சென்று அரசரிடம் முறையிட்டார். மறு வருஷம் சுதேசிகளின் பாதுகாவலர் என்ற பதவி கிடைத்தது. அப்போது அவர் ஒரு பெரும் தவறு இழைத்தார். சுதேசிகளின் பளுவைக் குறைக்க ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாமென்று யோசனை கூறினார். அந்த வியாபாரம் அவரால் தொடங்கியதன்று. ஆயினும் 1518-ல் 4,000 ஆப்பிரிக்கர்களைக் கொண்டுசெல்ல அரசாங்கம் அனுமதி அளித்தபோது, அவருடைய வாக்கும் அதற்குத் துணையாயிற்று. பிற்காலத்தில் உண்மையை உணர்ந்து, ஆப்பிரிக்கரை அடிமைப்படுத்துவதும் அதே அநீதி என்று தம் சரித்திர நூலில் எழுதினார். தம் அறியாமை கடவுள் சந்நிதியில் தம்மைக் காக்குமோ என்று அஞ்சினார். ஒரு ஜாதியாரை மீட்க மற்றொரு ஜாதியாரைப் பலியிடுவது நீதியாகாது என்ற பாடத்தை இம்மகான் இவ்வளவு தாமதமாகக் கற்றார்.

1522-ல் அவர் டொமினிக் சபையில் சேர்ந்து வேதசாஸ்திரத்தையும் சட்டத்தையும் ஆழ்ந்து கற்றார். மனிதரைச் சத்தியத்திற்கு அழைக்கும் வழி புத்தியைத் தெளிவித்து அன்பால் கவர்வது ஒன்றே. வாளால் ஊட்டிய மதம் மதமாகாது என்பது அவர் முடிவு. 1537-ல் போப்பாண்டவர் மூன்றாம் பால், சுதேசிகள் கிறிஸ்தவரல்லாதிருப்பினும் அவர்களுடைய சுதந்திரத்தையும் சொத்தையும் பறிக்கலாகாது என்று பிரகடனம் செய்தார். 1542-ல் ஐந்தாம் சார்லஸ் சக்ரவர்த்தி புதிய சட்டங்களைப் பிறப்பித்தார். சுதேசிகளை அடிமைப்படுத்துவது விலக்கப்பட்டது. என்கோமியெந்தாவும் பரம்பரைச் சொத்தாகாதென்று விதிக்கப்பட்டது. லாஸ் காஸாஸ் சியாபாவின் மேற்றிராணியாராகி 1545-ல் அங்கு சேர்ந்தார். அடிமைகளை விடுவிக்காதவர்களுக்குப் பாவ மன்னிப்பு இல்லையென்று உத்தரவிட்டார். குடியேற்றக்காரர் கொதித்தெழுந்தனர். பெரு நாட்டில் கலகம் மூண்டு ராஜப்பிரதிநிதியே கொல்லப்பட்டார். பரம்பரை உரிமையைத் தடுத்த விதியைச் சக்ரவர்த்தி 1545-லேயே ரத்து செய்துவிட்டார். கடலுக்கப்பால் இயற்றும் சட்டம் எவ்வளவு நல்லதாயினும், அதனால் நஷ்டமடைவோர் கையிலேயே அதை நிறைவேற்றும் அதிகாரமும் இருந்தால், அது காகிதமாகவே நிற்கும்.

1547-ல் ஸ்பெயின் திரும்பிய லாஸ் காஸாஸ், 1550-ல் வல்லதோலித் நகரில் செபுல்வெதா என்னும் பண்டிதருக்கு எதிராக வாதாடினார். படையெடுப்பு நியாயமா என்பது முடிவாகும் வரை புதிய படையெடுப்புகளை நிறுத்திவைக்கச் சக்ரவர்த்தி ஆணையிட்டிருந்தார். அமெரிக்காவைக் கண்டிராத செபுல்வெதா, இயற்கையிலேயே அடிமைகளானோர் உண்டு என்னும் அரிஸ்டாட்டிலின் கொள்கையை எடுத்தாண்டார். நரபலியிலிருந்து குற்றமற்றவரைக் காக்கவும் போர் தகுமென்றார். லாஸ் காஸாஸ் ஐந்து நாள் தம் பதிலைப் படித்தார். சுதேசிகளுக்கு நகரங்களும் அரசுகளும் கலைகளும் உண்டென்று நிரூபித்தார். நரபலி தவறெனினும், தாங்கள் அறிந்த தெய்வத்துக்குத் தங்களிடமுள்ள சிறந்ததை அளிக்க விழையும் பக்தியிலிருந்து பிறந்த தவறென்றார். சிலரைக் காக்கவென்று தொடுக்கும் போர் அவர்களினும் பலரைக் கொல்லும் என்றார். நீதிபதிகள் பொதுவான தீர்ப்பு எதையும் வெளியிடவில்லை. 1573-ல் இரண்டாம் பிலிப் மன்னரின் அரசாங்கம் வெற்றி கொள்ளுதல் என்ற சொல்லை நீக்கி, சாந்தப்படுத்துதல் என்ற சொல்லை வழங்கச் செய்தது. சொல் மாறிற்று, ஆட்சி மாறவில்லை.

1552-ல் அவர் அச்சிட்ட சிறு நூலில் எண்ணிக்கைகள் மிகைப்பட்டவை என்பதையும், பெரியம்மையும் எண்ணற்றோரைக் கொன்றது என்பதையும் மறைத்தல் நேர்மையாகாது. ஸ்பெயினின் பகைவர்களான ஐரோப்பியர் அந்நூலை மொழிபெயர்த்துப் பரப்பி, தாங்களும் குடியேற்ற நாடுகளில் அவ்வழியே சென்றனர். பிறர் பாவத்தைப் படிப்பது எளிது. லாஸ் காஸாஸோ தம் சொந்த ஜாதியாரின் பாவத்தை எழுதினார். 1564-ல், பெரு நாட்டை இன்கா வம்சத்தாரிடமே திருப்பி ஒப்புவிக்க வேண்டுமென்று வாதித்தார். 1566-ல் மத்ரித் நகரில் காலமானார்.

1815-ல் ஸிமோன் பொலிவார் தம் விடுதலை நாட்டின் தலைநகருக்கு அவர் பெயரைச் சூட்ட எண்ணினார். வத்திக்கானோ 2023-ல்தான் கண்டுபிடித்தவனுக்கே நாடு சொந்தம் என்னும் கொள்கையைப் பகிரங்கமாக நிராகரித்தது. செபுல்வெதாவும் லாஸ் காஸாஸும் படித்த வேதம் ஒன்றே. முன்னவர் அதில் பிறர் நாட்டின்மீது தமக்குள்ள உரிமையைத் தேடினார். பின்னவர் பிறருக்குத் தாம் பட்ட கடனைக் கண்டார். எந்த மதத்தின் பெயரால் எவர் அரசியல் பேச வந்தாலும், முதலில் தமக்குரிய லாபத்தில் எதைத் துறந்தார் என்று நாம் கேட்போமாக.