மகாளய வைகறையின் குரல்: பீரேந்திர கிருஷ்ண பத்ரர்

கல்கத்தா வாழ் தமிழ்க் குடும்பத்தாருக்கு மகாளய அமாவாசை பிதிர்க்கடன் ஆற்றும் நாள். எள்ளும் தருப்பையும் எடுத்து வைத்து, நீராடித் தர்ப்பணத்திற்கு ஆயத்தமாகும் அந்த இருள் பிரியாப் பொழுதில், அண்டை வீட்டு வங்காளியரின் வானொலிப் பெட்டியிலிருந்து ஒரு குரல் எழுந்து தெருவெங்கும் பரவும். ஒரு வீட்டில் அன்று. வரிசையாக எல்லா வீடுகளிலும். ஆகவே தெருவில் நடந்து செல்வோரும் ஒரு சொல்லை விடாது கேட்கலாம். வங்கமொழி முற்றும் விளங்காத நம்மவரும் அக்குரலைக் கேட்டு, நவராத்திரி அணுகிவிட்டது, கொலுப்படி கட்ட வேண்டும் என்று உணர்ந்தனர்.

அக்குரலுக்கு உரியவர் பீரேந்திர கிருஷ்ண பத்ரர். நம் வழக்கில் வீரேந்திரர் எனல் வேண்டும். வங்கத்தார் நாவில் வகரம் பகரமாய் ஒலிப்பதால், அவர்கள் அழைத்தவாறே நாமும் அழைப்போம்.

அன்னார் 1905ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் நாள் வடகல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் காளிகிருஷ்ண பத்ரர் பன்மொழி பயின்றவர். பேரனின் நாவைப் பண்படுத்தியவர் பாட்டியார் யோகமாயா தேவி. அக்காலத்துப் பெண்டிரில் அரிதாகக் கல்வி நிரம்பிய அம்மூதாட்டியார் வடமொழியையும் ஆங்கில நாடகங்களையும் இளமையிலேயே அவருக்கு அறிமுகம் செய்தார். 1928இல் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் பட்டம் பெற்றுக் கிழக்கிந்திய ரயில்வே அலுவலகத்தில் வேலைக்கு அமர்ந்தார். நல்ல வேலை, நிலையான சம்பளம். ஆயினும் மனம் வேறிடத்தில் இருந்தது.

கார்ஸ்டின் பிளேஸ் முதலாம் எண் கட்டடத்தில் 1927 ஆகஸ்டு 26 அன்று கல்கத்தா வானொலி நிலையம் திறக்கப்பெற்றிருந்தது. அதை நடத்திய தனியார் கம்பெனி நட்டத்தில் மூழ்க, 1930இல் அரசாங்கம் ஏற்றது. 1936இல்தான் அகில இந்திய வானொலி என்ற பெயர் வந்தது. இவ்வாறு நாளைக்கு நிற்குமா நிற்காதா என்றிருந்த ஒரு நிலையத்தை நம்பி ரயில்வே உத்தியோகத்தைத் துறந்தார் இவ்விளைஞர். நம் இல்லங்களில் ஒரு பிள்ளை இவ்வாறு செய்திருந்தால் பெரியோர் என்ன சொல்லியிருப்பர் என்பதை யாம் எழுத வேண்டுவதில்லை.

நிலையத்தில் இந்திய நிகழ்ச்சிகளைக் கவனித்து வந்த நிருபேந்திரநாத் மஜும்தார் ஆளறிந்து பணி தந்தார். பத்ரர் செய்யாத வேலை இல்லை. விஷ்ணு சர்மா என்ற பெயரில் மகளிர் நிகழ்ச்சி நடத்தினார். விரூபாட்சன் என்ற பெயரில் நகைச்சுவைச் சித்திரங்கள் எழுதிப் படித்தார். எனினும் அவருடைய தனித்துறை நாடகமே. மாலையில் குடும்பம் முழுதும் பெட்டியின் முன் அமர, முதலில் கச்சேரியும் பின்னர் நாடகமும் கேட்பது அந்நாளைய வழக்கம். திரை இல்லை, ஒப்பனை இல்லை, அரசனுக்கு முடியும் இல்லை. மேடையில் கையை வீசிப் பெருங்குரலில் முழங்கிப் பழகிய நடிகர்களை மைக்கின் முன் நிறுத்தி, மூச்சையும் மௌனத்தையும்கூட நடிக்கச் செய்ய வேண்டும். அக்கலைக்கு அதுவரை ஆசிரியர் எவருமிலர். செய்து செய்தே பத்ரர் அதனைக் கற்றார். பின்னர் ஒரு தலைமுறைக்குக் கற்பித்தார்.

1941 ஆகஸ்டு 7 அன்று இரவீந்திரநாத தாகூர் மறைந்தார். கவியரசரின் இறுதி ஊர்வலத்தை வானொலியில் வருணித்தவர் இவரே. நிமதலா மயானக் கரைக்குச் செல்ல இயலாத வங்காளியர் இவர் சொற்கேட்டு வீட்டிலிருந்தே அழுதனர்.

இனி, அவர் பெயரை நிலைநிறுத்திய படைப்புக்கு வருவோம். 1930களின் தொடக்கத்தில் உருப்பெற்றது மகிஷாசுரமர்த்தினி. வாணிகுமார் எழுதினார், பங்கஜ் மல்லிக் இசையமைத்தார், சண்டி பாராயணமும் வங்க உரைநடையும் பத்ரர் பொறுப்பு. ஒன்றரை மணி நேரம் பாட்டும் பாராயணமும் கதையும் ஒன்றில் ஒன்று கரைந்து செல்லும். இசைக்கச்சேரி எனவும் கூடவில்லை. நாடகம் எனவும் கூடவில்லை. பூசை என்றாலும் பிழையில்லை.

பத்ரர் பிராமணரல்லர், காயஸ்தர். அவர் எங்ஙனம் சண்டி ஓதலாம் என்று சிலர் தடை எழுப்பினர். மஜும்தார் அதற்குச் செவிசாய்க்கவில்லை. வாத்தியம் வாசித்தோரில் முஸ்லிம்களும் இருந்தனர்: ஆர்மோனியத்தில் குஷி முகம்மது, சாரங்கியில் முன்ஷி. சமஸ்கிருதம் எங்கே முடிகிறது, வங்க உரைநடை எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறியாமல் அவர்கள் வாசித்துக்கொண்டே செல்ல, பத்ரர் உரைநடையையும் அச்சுருதியிலேயே இழைத்துவிட்டார் என்றும், அந்நிகழ்ச்சியின் தனிப் பாணி அவ்வாறே பிறந்தது என்றும் கூறுவர். தேவியின் துதியைச் சாதியும் சமயமும் காக்கும் என எண்ணினோர்க்கு இதனினும் இனிய விடை வேறில்லை.

1960கள் வரை இது ஆண்டுதோறும் நேரடியாகவே ஒலிபரப்பாயிற்று. நள்ளிரவிலேயே கலைஞர்கள் கூடி, நீராடித் தூய ஆடை உடுத்தி அமர்வர். பாராயணத்தின் உச்சத்தில் பத்ரரின் குரல் தழுதழுத்துக் கண்ணீர் வழியும் என்று உடனிருந்தோர் கூறியுள்ளனர். அக்குரல் தேன்குரல் அன்று. சற்றே கரகரப்பும் மூக்கொலியும் கலந்தது. ஆனால் அதில் வேடம் இல்லை.

நெருக்கடி நிலை நடந்த 1976இல் நிலையத்தார்க்குப் புதுமை வேண்டியிருந்தது. பழைய நிகழ்ச்சியை நீக்கி, ஹேமந்த முகர்ஜியின் இசையில் புதியதொன்றை அமைத்தனர். பத்ரரின் இடத்தில் திரையுலகின் முடிசூடா மன்னர் உத்தம் குமார். அவரே தயங்கினார் என்றும், பத்ரரை நேரிற் கண்டு பேசினார் என்றும் சொல்வர். அவ்வாண்டு மகாளயத்தன்று விடியலில் பெட்டியைத் திருப்பிய மக்கள் திகைத்தனர், பின்பு வெகுண்டனர். நிலையத்திற்குத் தொலைபேசி ஓயவில்லை. வாயிலில் கூட்டம் கூடியது. உத்தம் குமாரைத் தெய்வமெனக் கொண்டாடிய அதே மக்களே அன்று அவரை ஏற்க மறுத்தனர் என்பதைக் கருத வேண்டும். பத்திரிகைகளும் வாயடைத்திருந்த காலத்தில், அரசாங்க நிலையம் ஒன்று நேயர்களுக்குப் பணிந்தது. சஷ்டியன்று பழைய ஒலிப்பதிவு மீண்டும் ஒலித்தது. அடுத்த ஆண்டு முதல் மகாளயத்திற்கே திரும்பியது.

குரல் திரும்பிற்று; குரலுக்குரியவர்க்கு வாழ்வில் பெரிதாக எதுவும் திரும்பவில்லை. அக்கால வானொலியின் ஸ்டாஃப் ஆர்ட்டிஸ்டுகள் ஒப்பந்த ஊழியர்களே. அரசு அலுவலர்க்குரிய ஓய்வூதியம் அவர்களுக்கு இல்லை. ரயில்வேயில் இருந்திருந்தால் கிடைத்திருக்கும். 1991 நவம்பர் 3ஆம் நாள் தம் எண்பத்தாறாம் வயதில் பத்ரர் காலமானார். மகாளயம் முடிந்து அப்போது ஒரு மாதமே ஆகியிருந்தது. அடுத்த ஆண்டு மகாளயத்தன்று, காலை நான்கு மணிக்கு, வழக்கம்போல் அவர் ஓதினார்.