காட்டுச் செடிகளுக்காக வாதாடிய ஜானகி அம்மாள்

தலைச்சேரியில் பிறந்து, சென்னையில் படித்து, அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்று, லண்டனில் உழைத்து, சென்னையை அடுத்த மதுரவாயலில் கண் மூடியவர் ஜானகி அம்மாள். போன இடமெல்லாம் செடி கொடிகளே அவருக்குச் சொந்தபந்தம். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

1897-ம் ஆண்டு நவம்பர் 4-ந்தேதி பிறந்தார். தலைச்சேரி அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. தந்தை கிருஷ்ணன், சப்-ஜட்ஜ். பெண்கள் பள்ளிக்கூடம் போவதே அரிதாக இருந்த காலத்தில், சென்னை ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தார். 1931-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார்.

கரும்பு ஆராய்ச்சி

1934 முதல் 1939 வரை கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார்.

நன்றாக இனிக்கும் தடிக்கரும்பு, நோயைத் தாங்காது. ஆற்றோரம் தானாக வளரும் காட்டுக் கரும்பு இனிக்காது; ஆனால் வறட்சியையும் நோயையும் தாங்கும். இரண்டையும் இணைத்துத்தான் கோவையில் புதிய ரகங்களை உண்டாக்கினார்கள். ஜானகி அம்மாள் அவற்றின் குரோமோசோம்களை மைக்ராஸ்கோப்பில் எண்ணி, எந்தப் புல் கரும்புக்கு எவ்வளவு நெருங்கிய உறவு என்று ஆராய்ந்தார். கரும்பை மக்காச்சோளத்துடனும் இணைத்துப் பார்த்தார்.

வயலில் விளையும் பயிருக்குக் காட்டில் உறவு உண்டு. பயிர் நலியும்போது அந்த உறவுதான் கை கொடுக்கும். இந்த உண்மை அவர் வாழ்க்கை முழுவதும் கூடவே வந்தது.

லண்டனில்

1940-ல் லண்டனில் வேலைக்குச் சேர்ந்தார். உலகப்போர் நடந்த நேரம். இரவில் குண்டு விழுந்தால் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொள்வார். விடிந்ததும் உடைந்த கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஆராய்ச்சியைத் தொடருவார். 1945-ல் டார்லிங்டனுடன் சேர்ந்து, பயிர்ச் செடிகளின் குரோமோசோம் கணக்கைப் பெரும் நூலாக வெளியிட்டார்.

எரிந்து போன மரம்

1951-ல் பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று நாடு திரும்பினார். இந்தியத் தாவர ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது.

ஷில்லாங்கிலிருந்து 37 மைல் தொலைவில், அந்தப் பகுதியிலேயே ஒன்றே ஒன்றாக நின்ற ஒரு மக்னோலியா மரத்தைத் தேடிப் போனார். அங்கே மரம் இல்லை. எரித்துவிட்டிருந்தார்கள். ஆராய்வதற்குள் அழிந்துவிட்டால் எதை ஆராய்வது? காட்டைக் காப்பதும் தம் வேலைதான் என்று உணர்ந்தார்.

கடைசிப் போராட்டம்

கேரளத்தில் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டில் அணை கட்ட ஏற்பாடு நடந்தபோது அவருக்கு வயது 80. 1977-ல் பத்மஸ்ரீ விருது பெற்றிருந்தார். ஓய்ந்து உட்காராமல் அணையை எதிர்த்துக் குரல் கொடுத்தார். அந்தக் காட்டு மரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கவும் முனைந்தார்.

1984-ம் ஆண்டு பிப்ரவரி 7-ந்தேதி காலமானார். அதே ஆண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அந்தச் செய்தியைக் கேட்க அவர் இல்லை. காடு இருக்கிறது.