விரலால் படிக்க வைத்தவர்

அருப்புக்கோட்டையில் இருந்து தெற்கே போனால் பாளையங்கோட்டை வரும். அங்கே பார்வையற்றோருக்கு 1890-ல் ஆஸ்க்வித் அம்மையாரும், காது கேளாதோருக்கு 1897-ல் ஃப்ளாரன்ஸ் ஸ்வைன்சன் அம்மையாரும் பள்ளி தொடங்கினார்கள். பார்வையற்ற பிள்ளைகளும் படிக்கலாம் என்று அதற்கு நூறு ஆண்டுகள் முன்பே காட்டியவர், பிரான்ஸ் நாட்டு வாலன்டின் ஹாவி.

1745-ல் ஒரு நெசவாளியின் மகனாகப் பிறந்தார் ஹாவி. பல மொழிகள் கற்று, மொழிபெயர்ப்பு வேலை பார்த்தார். 1771-ல் பாரிஸ் நகரத் திருவிழாச் சந்தையில் ஒரு காட்சியைக் கண்டார். பார்வையற்ற சிலருக்குக் கோமாளித் தொப்பியும், பெரிய அட்டைக் கண்ணாடியும் மாட்டி, வாத்தியம் வாசிக்க விட்டிருந்தார்கள். முன்னால் இசைத்தாள், அதைப் பார்க்க விளக்கு வேறு! கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஹாவிக்குச் சிரிப்பு வரவில்லை. இவர்களுக்குப் படிப்புச் சொல்லித் தர வேண்டும் என்று முடிவு செய்தார்.

அதே பாரிசில் காது கேளாத பிள்ளைகளுக்கு லெப்பே என்ற பாதிரியார் சைகையால் பாடம் நடத்தி வந்தார். அதைப் பார்த்த ஹாவிக்கு நம்பிக்கை பிறந்தது.

1784-ல் தேவாலய வாசலில் பிச்சை எடுத்த பிரான்சுவா லெசூர் என்ற இளைஞனை அழைத்தார். அவன் வந்தால் அன்றாட வரும்படி போய்விடுமே! அந்தப் பணத்தைத் தானே தருவதாக ஒப்புக்கொண்டார். மரத்தில் செதுக்கிய எழுத்துகளைத் தடவித் தடவி லெசூர் கற்றான். ஒருநாள் மேஜையில் கிடந்த அட்டையில், அழுத்தி அச்சடித்ததால் புடைத்திருந்த ஓர் எழுத்தை விரலாலேயே கண்டுபிடித்துவிட்டான். மாணவன் காட்டிய வழியில், ஆசிரியர் புடைப்பு எழுத்தில் புத்தகம் அச்சிட்டார். 1785-ல் பள்ளி நடக்கத் தொடங்கியது. மறு ஆண்டு மாணவர்கள் அரசர் முன்னிலையில் படித்துக் காட்டினார்கள்.

பிறகு வந்தது புரட்சி. அரசாங்கம் 1791-ல் இந்தப் பள்ளியையும் காது கேளாதோர் பள்ளியையும் ஒரே கட்டடத்தில் சேர்த்தது. செலவு மிச்சம் என்று யாரோ கணக்குப் போட்டிருப்பார்கள்! இவர்கள் பேசினால் அவர்களுக்குக் கேட்காது; அவர்கள் சைகை காட்டினால் இவர்களுக்குத் தெரியாது. ஆசிரியர்களுக்குள்ளும் சண்டை. சில ஆண்டுகளிலேயே பிரித்துவிட்டார்கள்.

1802-ல் ஹாவியைப் பள்ளியை விட்டே நீக்கினார்கள். அவர் ரஷ்யா சென்று அங்கும் ஒரு பள்ளி தொடங்கினார். வயதாகி 1817-ல் திரும்பியபோது, தான் உண்டாக்கிய பள்ளிக்குள் நுழையக்கூட அவருக்கு அனுமதி இல்லை.

1821-ல் புதிய தலைமை ஆசிரியர் வந்தார். அவர் ஹாவியை அழைத்து விழா எடுத்தார். மாணவர்கள் பாடினார்கள். அப்போது அங்கே படித்த 12 வயதுச் சிறுவன்தான் லூயி பிரெய்லி. மறு ஆண்டு ஹாவி காலமானார்.

ஹாவியின் புடைப்பு எழுத்தைத் தடவிப் படிக்க நேரம் பிடித்தது. அதைக் கையால் எழுதவும் முடியாது. பிரெய்லி தன் 15-ஆம் வயதில் ஆறு புள்ளிகளைக் கொண்டு புது எழுத்து முறையை அமைத்தார். அந்த முறையில் தமிழும் உண்டு. நம் 'அ'வுக்கு அதில் ஒரே ஒரு புள்ளிதான்.