பூச்சிநூற் பேரறிஞர் ஃபாபர்

பட்டம் பெறுங் காலம் அணுகுந்தோறும், இனி எத்துறையிற் புகுவது என்னும் வினா மாணவர் பலருடைய உள்ளத்தையும் வருத்துகின்றது. வழக்கறிஞராகவோ மருத்துவராகவோ ஆக விரும்புவானுக்கு உற்றார் துணைநிற்பர். பூச்சிகளின் வாழ்க்கையை ஆராய்வதே தன் தொழில் என்று ஒருவன் கூறுவானாயின் வீட்டார் நகைப்பர். நகைத்த பின்னர், அதனால் வயிறு நிரம்புமோ என்று வினவுவர். அவ்வினா இழிவானதன்று. அதனை ஏறக்குறைய நாற்பதாண்டு சுமந்து திரிந்த ஒருவருடைய வரலாற்றை ஈண்டு நோக்குவாம்.

ழான் ஆன்ரி ஃபாபர் 1823ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், பிரான்சு தேசத்தின் தென்பாகத்துச் சேன் லெயோன் என்னும் சிற்றூரில் ஏழைக் குடியிற் பிறந்தார். தந்தையார் ஊர்விட்டு ஊர் சென்று காப்பிக்கடை வைத்தும் வறுமை தீர்ந்திலது. சிறுவரோ பாட்டனார் வீட்டில் வளர்ந்த நாளிலேயே வண்டையும் வெட்டுக்கிளியையும் தோழராகக் கொண்டார். அவிஞோன் நகரத்து ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் உதவித்தொகை பெற்றுக் கற்று, 1842இல் கார்ப்பந்த்ரா என்னும் ஊரிற் பள்ளியாசிரியராக அமர்ந்தார். ஆண்டுச் சம்பளம் 700 பிராங்கு.

அங்கே மாணவரை வெளியில் அழைத்துச் சென்று நில அளவை கற்பித்தபொழுது, அவர்கள் அளவைச் சங்கிலியை மறந்து, கற்களின்மேற் கட்டப்பட்டிருந்த மண்கூடுகளில் வைக்கோற்றாளைச் செருகித் தேனை உறிஞ்சக் கண்டார். அக்கூட்டைக் கட்டிய தேனீ யாது என அறிய விழைந்து, பூச்சிகளைப்பற்றிய பெருநூலொன்றை ஒரு மாதச் சம்பளம் முழுவதையுங் கொடுத்து வாங்கினார். அந்நூலைப் பன்முறை படித்தார். ஆயினும் வேலையை விட்டுப் பூச்சிகளின் பின்னே ஓடினாரல்லர். அக்காலத்துப் பள்ளிகளிற் கணிதமும் பௌதிகமுமே ஊதியந் தருவன. ஆதலின் தம் விருப்பத்தை உள்ளே பூட்டிவைத்து, ஆசானின்றித் தாமே கற்று, அவ்விரண்டிலும் பட்டம் பெற்றார். இளமையின் வேகத்தில் எல்லாவற்றையும் துறந்து கிளம்புவதே ஆர்வத்திற்கு அடையாளம் என்று எண்ணுவார் இச்செய்தியைச் சற்றே நின்று நோக்குக.

1849இல் கார்சிகாத் தீவிற் பௌதிக ஆசிரியராயினார். ஆண்டு மோக்கன் தாந்தோன் என்னும் உயிர்நூலறிஞர் அவர் இல்லத்தில் விருந்தினராகத் தங்கினார். கணிதத்தை விட்டு உயிர்நூலையே கைக்கொள்ளுமாறு அறிவுறுத்திய அப்பெரியார், ஒருநாள் தட்டு நீரில் நத்தையொன்றை இட்டு, கத்தரியும் ஊசியும் கொண்டு அதனை அறுத்து உறுப்புக்களை விளக்கிக் காட்டினார். ஃபாபர் தம் வாழ்நாளிற் பிறரிடம் கேட்ட உயிர்நூற்பாடம் அஃதொன்றே.

காய்ச்சலால் தீவை நீங்கி, 1853இல் அவிஞோனுக்கு மீண்டார். அடுத்த ஆண்டிலே, லெயோன் துஃபூர் என்பார் வேட்டைக்குளவி ஒன்றைப்பற்றி எழுதிய கட்டுரை அவர் கைக்கு எட்டியது. அக்குளவி தன் குஞ்சுக்கு உணவாகப் பொன்வண்டுகளைக் கொணர்ந்து வளையிற் சேர்க்கும். அவை நெடுநாள் அழுகுவதில்லை. கெடாமற் காக்கும் நஞ்சொன்றைக் குளவி ஊட்டிக் கொன்றுவிடுகின்றது என்று துஃபூர் கருதினார். ஃபாபர் அவ்வினத்து வேறொரு குளவியை அதன் வளையருகே காத்திருந்து நோக்கினார். இரை இறக்கவில்லை, நரம்பு முடிச்சிற் கொட்டப்பட்டு, அசையும் ஆற்றலை மட்டும் இழந்து, உயிரோடு கிடந்தது. தாமே பேனாமுள்ளால் அம்மோனியாத் துளியை வண்டின் நரம்பு முடிச்சிற் செலுத்த, அதுவும் அவ்வாறே மரத்துக் கிடந்தது. 1855இல் இதனை வெளியிட, மறு ஆண்டே பாரிசு அறிஞர் கழகம் பரிசளித்தது.

பரிசு வந்தும் சம்பளம் 1600 பிராங்கிலேயே நின்றது. ஆராய்ச்சிக்கு வாய்த்தவை வியாழன், ஞாயிறு என்னும் விடுமுறை நாட்களே. ஒருநாள் விடியலிற் கொடிமுந்திரி பறிக்கச் சென்ற பெண்டிர் மூவர், அவர் கல்லொன்றின்மேல் அமர்ந்து குளவியை நோக்கியிருப்பதைக் கண்டனர். மாலையில் மீண்டபொழுதும் அவர் அங்கேயே இருந்தமையால், பித்தரென்று இரங்கிச் சிலுவைக் குறியிட்டுச் சென்றனர். நாள் முழுவதும் காத்திருந்து ஒன்றுங் காணாது வீடு திரும்புதலும், ஊரார் இரக்கத்திற்கு ஆளாதலும் இத்தொழிலின் பெரும்பகுதி. பிடித்து ஊசியிற் கோத்து வைக்கும் இன்பம் சிறுபகுதியே. இதனை முன்னரே அறிந்துகொள்வது நன்று.

பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக விழைந்தார். சொந்தப் பொருளில்லார்க்கு அப்பதவி ஆகாதென்று கல்வி அதிகாரி ஒருவர் வெளிப்படையாகவே கூறிவிட்டார். பொருள் தேட, மஞ்சிட்டி இனத்து வேரிலிருந்து செஞ்சாயம் எடுக்கும் முறையைப் பல்லாண்டு ஆராய்ந்தார். 1868இல் செருமானிய வேதியியலார் அச்சாயத்தைச் செயற்கையாக ஆக்கவே, அவ்வுழைப்பும் வீணாயிற்று. பெண்களுக்கு மலர்களின் கருவுறுதலைக் கற்பித்தார் என்னுங் குற்றச்சாட்டால் குடியிருந்த வீட்டையும் இழந்தார். ஆங்கில அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் கடனாக உதவிய 3000 பிராங்கைக் கொண்டு ஒராஞ்சு நகர்க்குக் குடிபெயர்ந்து, பள்ளிப் பாடநூல்கள் எழுதிக் குடும்பத்தைக் காத்தார். பூச்சி சேர்ப்பதிற் றுணைநின்ற மகன் ழூல் 1877இல் 16 வயதில் இறந்தான். குளவியினங்கள் சிலவற்றிற்குத் தந்தையார் அவன் பெயரையே சூட்டினார்.

1879இல், 55 வயதில், செரிஞான் என்னும் ஊரில் ஏறக்குறைய ஓர் எக்டேர்ப் பரப்புள்ள கல்லும் முள்ளுமான நிலத்தை வாங்கினார். உழவர்க்கு உதவாத அந்நிலம் குளவிகட்கும் தேனீக்கட்கும் உகந்தது. பூச்சிகளைப்பற்றி அவர் எழுதிய பத்துத் தொகுதிகளும் 1879 முதல் 1907 வரை வெளிவந்தன. பைன் மரத்துக் கம்பளிப்புழுக்கள் தொட்டி விளிம்பில் ஒன்றன்பின் ஒன்றாக ஏழு நாள் சுற்றிச்சுற்றி ஊர்ந்த வரலாற்றை அவற்றுட் காணலாம்.

குறையும் இல்லாமலில்லை. தம்மைப் போற்றிய டார்வினுடைய பரிணாமக் கொள்கையை அவர் இறுதிவரை ஏற்றிலர். குளவியின் கொட்டு ஒருபோதும் தவறாதென்று அவர் எண்ணினார். பின்வந்தோர் நுணுகி நோக்கி, அதுவும் தவறுவதுண்டு என்று கண்டனர். அவர் கற்பித்த முறையிலேயே, அஃதாவது வளையருகே காத்திருந்தே, அவர்கள் அதனைக் கண்டனர் என்பது நமக்கு உவகை தருகின்றது.

1910இல், 86 வயதில், நண்பர்கள் அவருக்கு விழாவெடுக்க, அரசாங்கமும் ஓய்வூதியம் அளித்தது. 1915 அக்டோபர் 11இல் அந்நிலத்து வீட்டிலேயே காலமானார். 1922இல் வீடும் நிலமும் பாரிசு இயற்கைநூற் காட்சிச்சாலையின் உடைமையாயின.