ராமானுஜனுக்குப் போய்ச் சேராத கடிதங்கள்

2001-ல் தங்கச் சுரங்கம் மூடியபின் எங்கள் ராபர்ட்சன்பேட்டைப் பிள்ளைகள் படிக்கவும் பிழைக்கவும் பெங்களூருக்கு ரயில் ஏறுகிறார்கள். பி.யு.சி.யில் தவறி என்னிடம் கணக்குப் படிக்க வரும் பையன்களுக்கு முதலில் ஸ்ரீநிவாச ராமானுஜன் கதையைத்தான் சொல்வேன்.

1905-ல் கும்பகோணம் கல்லூரி ஸ்காலர்ஷிப் போனதும் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனார். பிறகு எஃப்.ஏ. பரீட்சையிலும் இருமுறை தோல்வி. கணக்கில் குறைவில்லை, மற்ற பாடங்கள்தான்! நோட்டுப் புத்தகத்துடன் டெபுடி கலெக்டர் வி. ராமஸ்வாமி ஐயரிடம் வேலை கேட்டுப் போனார். இவரை ரெவின்யூ ஆபீசில் அடைக்க மனமில்லாமல் அவர் சென்னை நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்தனுப்பினார். என் சர்வீஸில் அப்படியொரு கடிதம் நான் யாருக்கும் எழுதியதில்லை. நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்தார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது.

1914-ல் கேம்பிரிட்ஜ். புகழ் வந்தது. ஆனால் யுத்தகாலம், குளிர், சாப்பாட்டுக் கஷ்டம், வியாதி. மனைவி ஜானகி எழுதிய கடிதங்கள் போய்ச் சேரவில்லை. 1918-ல் லண்டனில் உயிரை விடவே துணிந்துவிட்டார். ரயில்வே ஊழியர் ஒருவர் சமயத்தில் காப்பாற்றினார். பேராசிரியர் ஹார்டி போலீஸிடம் பேசி மீட்டார். அதே வருஷம் எஃப்.ஆர்.எஸ். கௌரவம்! 1920 ஏப்ரலில் மறையும்வரை படுக்கையிலும் கணக்குப் போட்டார்.

பெங்களூர் ஹாஸ்டலில் இருக்கும் பேரனுக்குத் தினம் ராத்திரி ஃபோன் செய்கிறேன். மார்க் விஷயம் பேசுவதில்லை.