88-ல் ஓடிய பைக்... 295-ல் பறக்கவிட்ட தாத்தா!

பைக்கோ, காரோ வாங்கின மறுநாளே, இதை இன்னும் கொஞ்சம் வேகமா ஓட வைக்க முடியாதானு யோசிக்கிற ஆளா நீங்க? அப்போ பர்ட் மன்றோவை நீங்க தெரிஞ்சுக்கணும். ஒரே பைக்கை ட்யூன் செய்றதுலயே அரை நூற்றாண்டைக் கழிச்ச மனுஷன் அவர்!

1899-ல் நியூசிலாந்தில் பிறந்தவர் மன்றோ. 1920-ல் 600 சிசி இந்தியன் ஸ்கவுட் பைக் ஒன்றை வாங்கினார். பேரைப் பார்த்து ஏமாந்துடாதீங்க, 'இந்தியன்' அமெரிக்க கம்பெனி. அந்த பைக்கோட டாப் ஸ்பீடு மணிக்கு சுமார் 88 கி.மீ மட்டுமே.

1926-ல் அதில் கைவைக்க ஆரம்பித்தார். பகலில் பைக் விற்கும் வேலை, ராத்திரியில் ஷெட். விலை உயர்ந்த பார்ட்ஸ் வாங்கக் காசு கிடையாது. அதனால என்ன? பழைய டின்களை அச்சாக்கி, உலோகத்தை உருக்கி ஊற்றி பிஸ்டன் செய்தார். டிராக்டர் ஆக்ஸிலைச் செதுக்கி கனெக்டிங் ராடு செய்தார். மைக்ரோமீட்டர்கூட பழைய ஸ்போக்கில் செய்ததுதான். சைடு வால்வ் இன்ஜினை ஓவர்ஹெட் வால்வாகவே மாற்றிவிட்டார்.

எல்லாம் நினைச்சபடி நடந்துச்சா? அதுதான் இல்லை. ட்யூனிங்கில் இது ஒரு பெரிய தலைவலி. ஒரு இடத்துல பவரை ஏத்தினா, அந்தச் சுமை அடுத்த பார்ட் மேல போய் விழும். மன்றோவின் இன்ஜினும் உடைந்துகொண்டே இருந்தது. உடைந்ததை அவர் தூக்கிப் போடவில்லை. ஷெல்ஃபில் வரிசையாக அடுக்கி, வேகக் கடவுளுக்குக் காணிக்கை என்று எழுதி வைத்தார். எது ஏன் உடைஞ்சதுனு தெரிஞ்சாதானே, அடுத்ததை உறுதியா செய்ய முடியும்?

1962-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பான்வில் உப்புத் தரைக்குப் போனார். அப்போது வயது 63. மணிக்கு 288 கி.மீ வேகத்தில் பறந்து சாதனை படைத்தார். 1967-ல், 68 வயதில், அதே பைக். இன்ஜின் மட்டும் 950 சிசியாக வளர்ந்திருந்தது. 1,000 சிசி-க்கு உட்பட்ட பிரிவில் மணிக்கு 295 கி.மீ!

1978-ல் மன்றோ மறைந்தார். ஆனா, கதை அங்க முடியலை. 1967 சாதனையின் சராசரிக் கணக்கில் ஒரு பிழை இருப்பதை அவர் மகன் கவனித்துச் சொல்ல, 2014-ல் அது 296 கி.மீ-யாகத் திருத்தப்பட்டது. இறந்து 36 வருஷம் கழிச்சும் அவரோட வேகம் கூடியிருக்கு!

அடுத்த முறை உங்க வண்டியில ஒரு பார்ட் உடைஞ்சா, உடனே புதுசுக்கு ஆர்டர் போடாதீங்க. முதல்ல உடைஞ்சதைக் கையில எடுத்துப் பாருங்க.